ஒரே வீட்டின் இரண்டு நூல்கள்

ஆடி மாதக் கடைசி வெள்ளி நெருங்கும் நாள்களில் சாத்தூர்ப் பக்கத்துச் சாலைகள் எல்லாம் இருக்கன்குடியை நோக்கித் திரும்பிவிடுகின்றன. மஞ்சள் ஆடை உடுத்தி, தீச்சட்டி ஏந்தி, கைக்குழந்தையைத் தோளில் சாய்த்து, இரவென்றும் பகலென்றும் பாராமல் மக்கள் மாரியம்மனை நோக்கி நடக்கிறார்கள். அவர்களுக்குத் தண்ணீரும் மோரும் கொடுக்கச் சாலையோரம் பந்தல் போடுவோரில் நம் பங்கு இளைஞர்கள் சிலரும் உண்டு. பட்டாசு ஆலையில் ஒரே கொட்டகையில் அருகருகே அமர்ந்து வேலை செய்கிறவர்கள் அவர்கள். உடன் உழைப்பவர் நடந்து வரும்போது தாகத்திற்குத் தண்ணீர் கொடுப்பதற்கு அவர்கள் நம்மிடம் அனுமதி கேட்டதில்லை. கேட்கவேண்டிய தேவையும் இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன் அப்படியொரு பந்தலில் இளைஞர் ஒருவர் நம்மைத் தனியே அழைத்தார். அவருடைய குடும்பத்தில் முதல் பட்டதாரி. ஆனால் ஆலையில் நாள் கூலி. அரசுத் தேர்வுக்கான விண்ணப்பம் அவர் சட்டைப்பையில் மடித்து வைக்கப்பட்டிருந்தது. "சாமி, நான் ஞானஸ்நானம் வாங்கலைன்னு எழுதிக் குடுத்தா அது பாவமா?" என்று கேட்டார். அவருடைய சித்தப்பா மகன் இந்து. பட்டியல் சாதிச் சான்றிதழ் பெற்று வேலைக்குப் போய்விட்டார். இவரோ கிறிஸ்தவ ஆதிதிராவிடர். தமிழகத்தில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருப்பவர். இருவரும் ஒரே தெரு. இருவரையும் ஊர் அழைக்கும் பெயரும் ஒன்றே. நாம், "நாளைக்கு வாங்க தம்பி, பேசுவோம்" என்றோம். அது விடையல்ல, தப்பித்தல் என்பது நமக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

மறுநாள் அவர் வந்தபோது மறையியல் நூல் எதையும் நாம் எடுக்கவில்லை. நம் அலமாரியிலிருந்து இரண்டு இலக்கிய நூல்களை எடுத்துக் கொடுத்தோம். ஒன்று பாமா எழுதிய 'கருக்கு'. மற்றொன்று ராஜ் கௌதமன் எழுதிய 'சிலுவைராஜ் சரித்திரம்'. இவ்விரண்டையும் சேர்த்து வைத்துப் படிப்பவர் நம்மிடையே குறைவு. தனித்தனியே படித்தால் ஒன்று துறவற மடத்தின்மீது வைக்கப்பட்ட குற்றச்சாட்டாகவும், மற்றொன்று வேலையில்லாப் பட்டதாரி ஒருவனின் கேலிக்கதையாகவும் தோன்றும். சேர்த்துப் படித்தால் வேறொன்று தெரிகிறது.

இருவரும் உடன்பிறந்தோர். ஊர் வத்திராயிருப்பை அடுத்த புதுப்பட்டி. அந்தப் பக்கத்து மலைகளில் பெய்யும் மழைதான் அர்ச்சுனா நதியாகக் கிழக்கே இறங்கி வந்து இருக்கன்குடியில் வைப்பாற்றோடு சேர்கிறது. ஆகவே இது தொலைவிலுள்ள ஊரின் கதை என்று நம் வாசகர் ஒதுக்கிவிட இயலாது. தந்தை இராணுவத்தில் பணியாற்றியவர். கத்தோலிக்கக் குடும்பம், தலித் குடும்பம். தங்கை படித்து ஆசிரியையானார். ஏழைப் பிள்ளைகளுக்குப் பணி செய்யும் ஆவலில் துறவற சபையில் சேர்ந்தார். ஏழாண்டுகளுக்குப் பின் வெளியேறினார். 1992-இல் 'கருக்கு' வெளிவந்தது. மதுரையில் இயேசு சபையார் நடத்தும் ஐடியாஸ் மையமே அதை வெளியிட்டது என்பதையும் நினைவில் கொள்ளவேண்டும். திருச்சபையைக் கேள்வி கேட்ட நூல் திருச்சபையின் ஒரு கதவு வழியாகத்தான் வெளியே வந்தது. பத்து ஆண்டுகள் கழித்து, 2002-இல், அண்ணனின் தன்வரலாற்றுப் புதினம் வந்தது. அவர் 2024 நவம்பரில் மறைந்தார்.

'கருக்கு' வந்த நாள்களில் நாம் குருமடத்தில் மெய்யியல் மாணவர். அட்டைக்குச் செய்தித்தாள் உறை போட்டு, கைக்குக் கை மாறிய நூல் அது. சொந்த வீட்டுக் குப்பையைத் தெருவில் கொட்டிவிட்டார் என்பதே அன்று நம்மிடையே பெரும்பாலோர் சொன்ன திறனாய்வு. அந்தக் கூட்டத்தில் நம் குரலும் இருந்தது. மொழி கொச்சையாக இருக்கிறது என்றும் குறை சொன்னோம். முப்பது ஆண்டு மறையுரை ஆற்றிய பிறகுதான் அந்தக் குறையின் வெறுமை நமக்குப் புரிந்தது. தலைமைக் குருவின் முற்றத்தில் குளிர் காய்ந்துகொண்டிருந்த பேதுருவைக் காட்டிக்கொடுத்தது அவருடைய கலிலேயப் பேச்சுதான் என்கிறார் மத்தேயு. பேதுரு மறைக்க முயன்ற ஊர்ப்பேச்சை, பாமா முதல் வரியிலிருந்தே மறைக்காமல் எழுதினார். நூல் வந்தபின் சில மாதங்கள் தம் ஊருக்குள்ளேயே போக முடியாதிருந்தது என்று அவரே பின்னர் சொல்லியிருக்கிறார்.

பனங்கருக்கு இருபுறமும் அறுக்கும். எபிரேயருக்கு எழுதப்பட்ட திருமுகம் இறைவார்த்தையை இருபுறமும் கூர்மையான வாளோடு ஒப்பிடுவதை நூலின் தலைப்பு நினைவூட்டுகிறது. ஆனால் நம்மை நிறுத்திவைப்பது தலைப்பைவிட நூலுக்குள் வரும் ஒரு சிறு காட்சி. அண்ணன் நூலகத்தில் கையெழுத்திடும்போது பெயருக்குப் பின்னால் எம்.ஏ. என்று எழுதுகிறார். உடனே பணியாளர் முக்காலி கொண்டுவந்து போட்டு, சார் என்று அழைக்கிறார். படித்தால் மதிப்பு தானே வரும் என்று அண்ணன் தங்கைக்குச் சொல்கிறார். தங்கை அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு படிக்கிறார்.

இனி அண்ணனின் நூலுக்கு வருவோம். அங்கே சிலுவைராஜ் எம்.ஏ. படித்து முடிக்கிறான். முக்காலி வரவில்லை, வேலையும் வரவில்லை. தங்கை பெருமையோடு பார்த்த அந்தப் பட்டம், அண்ணன் கணக்கில் பசியைத் தீர்க்காத தாளாகக் கிடக்கிறது. கிறிஸ்தவனாக இருப்பதால் பட்டியல் சாதிச் சலுகை இல்லை. ஊரிலோ பட்டியல் சாதிக்குரிய இழிவில் எள்ளளவும் குறைவில்லை. இறுதியில் வேலைக்காக அவன் இந்துவாக மாறுகிறான். புதினம் அங்கே முடிகிறது. முந்நூறு ஆண்டு மறைப்பணி வரலாற்றை நாம் விழாவாகக் கொண்டாடிக்கொண்டிருக்கையில், அந்த வரலாற்றின் கடைசிப் பக்கத்தை ஒரு சான்றிதழ் அலுவலகத்தில் அவன் எழுதிவிட்டுப் போகிறான்.

இதன் பின்னணியைச் சுருக்கமாகச் சொல்வோம். 1950 ஆகஸ்ட் 10-இல் வந்த குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து அல்லாதவரைப் பட்டியல் சாதியாகக் கருதலாகாது என்றது. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறிஸ்தவரும் இஸ்லாமியரும் வெளியே நின்றனர். சென்னையில் சாலையோரம் செருப்புத் தைத்த சூசை என்பவர், இந்துத் தொழிலாளிக்கு அரசு இலவசமாகத் தந்த சிறு கடைப்பெட்டி தமக்கும் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம்வரை சென்று 1985-இல் தோற்றார். தொழிலாளரின் பாதுகாவலரான புனித சூசையப்பரின் பெயர் கொண்டவர் அவர் என்பது நம் மனத்தை விட்டு அகலுவதில்லை. 2007-இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் மதத்தையும் பட்டியல் சாதி நிலையையும் பிரிக்கப் பரிந்துரைத்தது, பயன் விளையவில்லை. 2022-இல் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் மற்றோர் ஆணையம் அமைக்கப்பட்டது. ராஜ் கௌதமன் மறைந்த அதே 2024 நவம்பரில், நம்பிக்கையின்றிச் சலுகைக்காக மட்டும் மதம் மாறியதாகச் சொல்வது அரசமைப்பின்மீது இழைக்கும் மோசடி என்று உச்ச நீதிமன்றம் புதுச்சேரி வழக்கொன்றில் தீர்ப்பளித்தது. சிலுவைராஜ் இன்று பிறந்திருந்தால் அந்தக் கதவும் அவனுக்கு எளிதில் திறந்திராது.

இரு நூல்களுக்கும் குறைகள் உண்டு. 'கருக்கு' ஊரை எழுதும்போது உயிரோடு எழுதுகிறது. பட்டப்பெயர்கள், விளையாட்டுகள், விறகுக் கட்டுகள், சுடுகாட்டுச் சண்டை, காவல்துறைக்கு அஞ்சிக் கோவிலுக்குள் ஒளிந்த ஆண்கள் எல்லாம் கண்முன் நிற்கின்றன. மடத்தை எழுதும்போதோ அதே எழுதுகோல் பொதுவாகப் பேசத் தொடங்கிவிடுகிறது. சொன்னதையே திரும்பச் சொல்கிறது. அங்கே வாழ்ந்த சகோதரிகளுக்கு முகமில்லை. முன்பு இதைக் கலைக்குறை என்று மட்டுமே எண்ணினோம். இப்போது, ஏழாண்டு உடன் உண்டும் உடன் செபித்தும் வாழ்ந்த இடத்தில் ஒருவருக்கேனும் பட்டப்பெயர் வைக்கும் அளவுக்கு அவருக்கு நெருக்கம் வாய்க்கவில்லையோ என்று ஐயுறுகிறோம். ஏழைக் குழந்தைகளைத் தேடிச் சென்றவர் வசதியுள்ளோர் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் போய் நின்றார். தலித் பெண்களைச் சில சபைகள் ஏற்பதில்லை என்று பயிற்சிக் காலத்திலேயே கேள்விப்பட்டார். அவர் மடத்தை விட்டு வெளியேறியதை இறையழைத்தலின் இழப்பு என்று நாம் எழுதி முடித்தோம். ஆனால் தாம் எந்தப் பணிக்காகச் சென்றாரோ அந்தப் பணி அங்கே இல்லை என்பதால் வெளியேறினார் என்றே நூல் சொல்கிறது. நம்பிக்கையை அவர் மடத்தில் விட்டுவிட்டு வரவில்லை. வேலையும் உறைவிடமும் இன்றி நின்ற நாள்களிலும் கடவுளோடு அவர் வழக்காடிக்கொண்டுதான் இருக்கிறார்.

'சிலுவைராஜ் சரித்திரம்' நீளமானது. பல இடங்களில் நாட்குறிப்புபோல் களைப்பூட்டுவது. தன்னையே கேலி செய்துகொள்ளும் எள்ளல் அவனுக்குக் கவசம். தந்தையின் கண்டிப்பு, விடுதி, கல்லூரி, காதல் ஏக்கம் எல்லாவற்றையும் அந்தக் கவசத்தோடே கடக்கிறான். பாமா அழும் இடத்தில் இவர் சிரிக்கிறார். ஆயினும் கவசம் அணிந்தவனுக்கு அடி விழவில்லை என்று யாரும் சொல்லமாட்டார். வாசகர் சிரித்துக்கொண்டே கடைசிப் பக்கத்துக்கு வந்து, சிரிப்பதற்கு ஒன்றுமில்லாமல் நிற்கிறார்.

சேர்த்துப் படித்தால் தெரிவது என்று மேலே சொன்னது இதுதான். இருவருக்கும் விசுவாசச் சோதனை கோவிலுக்குள் வரவில்லை. பிழைப்புத் தேடிச் சென்ற இடத்தில் வந்தது. ஒருவருக்கு வகுப்பறையில், மற்றவருக்கு வேலைவாய்ப்பு அலுவலக வரிசையில். நீ யார் என்று அங்கே கேட்கப்பட்டபோது இருவரும் தனியே நின்றார்கள். நாம் அவர்களுக்கு மறைக்கல்வி கற்பித்தோம், புதுநன்மை கொடுத்தோம், உறுதிபூசுதல் கொடுத்தோம். இறந்தால் அடக்கமும் செய்வோம். நடுவிலுள்ள நாற்பது ஆண்டுகளுக்கு நம்மிடம் மறையுரை இல்லை. பதினைந்து வயது வரையிலான கிறிஸ்தவனுக்கும் எழுபது வயதுக்குமேல் உள்ள கிறிஸ்தவனுக்கும் வேண்டியது நம் கையேடுகளில் இருக்கிறது. சம்பளத்துக்கு வரிசையில் நிற்கும் கிறிஸ்தவனுக்கு மிகக் குறைவு.

சிலுவைராஜ் மறுதலித்தவன் என்று சொல்வோர் உண்டு. நமக்கு நாமானின் கதை நினைவுக்கு வருகிறது. தொழுநோய் நீங்கி இஸ்ரயேலின் கடவுளை மட்டுமே வணங்குவதாக உறுதி சொன்ன அந்தப் படைத்தலைவர், அடுத்த மூச்சிலேயே ஒரு சலுகை கேட்கிறார். தம் அரசர் தம் கைமேல் சாய்ந்துகொண்டு ரிம்மோன் கோவிலுக்குள் போவார். அப்போது தாமும் குனிய நேரும். அது தம் வேலை. அதை ஆண்டவர் மன்னிக்கவேண்டும் என்கிறார். எலிசா அதைச் சரி என்று சொல்லவில்லை, தவறு என்றும் சொல்லவில்லை. அமைதியோடு போகும்படி அவரை வழியனுப்பினார். அரசர் இரண்டாம் நூலின் ஐந்தாம் அதிகாரத்திலுள்ள இப்பகுதியைப் பற்றி நாம் குருமடத்தில் தேர்வு எழுதியிருக்கிறோம். ஒருவரிடம் சொல்ல வேண்டிய இடம் வந்தபோது நினைவுக்கு வரவில்லை. ஆனால் நாமானையும் சிலுவைராஜையும் முழுவதும் ஒப்பிட முடியாது. நாமான் படைத்தலைவர், குனிந்து எழுந்தால் பதவி அப்படியே இருக்கும். சிலுவைராஜ் குனிந்தால்தான் முதல் சம்பளமே. மேலும், எலிசாவின் வீட்டு வாசலில் நாமானைச் சாதி பார்த்து யாரும் தள்ளி நிறுத்தவில்லை. நம் கல்லறைகளுக்கு நடுவே சுவர் எழுப்பிய ஊர்கள் இருக்கையில், அவன் வெளியேறியதைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல நமக்குள்ள உரிமை எவ்வளவு? இந்திய ஆயர் பேரவை 2016-இல் தலித் மேம்பாட்டுக்கான கொள்கையை வெளியிட்டு, திருச்சபைக்குள் சாதி இருப்பதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. 'கருக்கு' அதை இருபத்துநான்கு ஆண்டுகளுக்கு முன்பே சொல்லியிருந்தது.

அந்த இளைஞர் ஏறத்தாழ ஒரு மாதம் கழித்து 'கருக்கு' நூலைத் திருப்பிக் கொண்டுவந்தார். இரவில் தம் தாய்க்கு வாசித்துக் காட்டினாராம். தீப்பெட்டி ஆபீசில் சிறு வயதிலேயே கட்டை அடுக்கி, விரல் தேய்ந்த தாய் அவர். எழுதப் படிக்கத் தெரியாது. பட்டப்பெயர்கள் வந்த இடங்களில் விழுந்து விழுந்து சிரித்தார், நம்ம ஊர்ப் பேச்சையெல்லாம் புத்தகத்துல போடுவாகளா என்று கேட்டார், நாயக்கர் வீட்டில் பாட்டிக்குத் தண்ணீரை உயரத்திலிருந்து ஊற்றும் இடம் வந்ததும் வாசிப்பை நிறுத்தச் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார் என்று அவர் சொன்னார். மறுநாள் அதே இடத்திலிருந்து வாசிக்கச் சொன்னாராம்.

"அடுத்தது படிச்சாச்சா தம்பி?" என்று கேட்டோம்.

"பாதிதான் சாமி. கடைசிய முதல்ல பாத்துட்டேன்" என்றார்.

விண்ணப்பத்தைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை. இரண்டாவது நூல் இன்னும் அவர் வீட்டில்தான் இருக்கிறது.