பழைய மாணவர் இல்லாத பள்ளி

ஒரு பள்ளிக்கூடத்தைப் பற்றி ஊருக்குள் விசாரிக்கும் முறை நெடுங்காலமாக ஒன்றுதான். 'அங்க படிச்ச பசங்க யாராச்சும் தெரியுமா?' என்று கேட்பார்கள். பக்கத்து வீட்டு அக்கா, மெடிக்கல் ஷாப்காரர், ஆட்டோ ஓட்டும் அண்ணன் என்று நாலு பேரிடம் கேட்டால் பள்ளியின் வண்டவாளம் தெரிந்துவிடும். போன வருடம் கட்டி முடித்த பள்ளிக்கு இந்த வழி கிடையாது. அதற்குப் பழைய மாணவர்கள் இல்லை, தேர்ச்சி விகிதம் இல்லை, வளாகத்து வேப்பமரம்கூட இன்னும் இடுப்பளவுதான். இந்த வெற்றிடத்தை நிரப்பத்தான் இன்ஸ்டாகிராமும் வாட்ஸ்அப்பும் வந்திருக்கின்றன.

தமிழ்நாட்டின் புறவழிச் சாலைகளை ஒட்டி எழும் இந்தப் பள்ளிகளின் ரீல்களை ஒரு தனி வகைமையாகவே வாசிக்கலாம். இலக்கணம் கறாரானது. முதலில் ட்ரோன் காட்சி: வரிசையாக மஞ்சள் பேருந்துகள், செயற்கைப் புல்தரை. அடுத்து எல்கேஜி குழந்தை ஒன்று தன் பெயரையும் பள்ளியின் பெயரையும் ஆங்கிலத்தில் சொல்லும். பின்னணியில் அந்த வாரம் ஹிட்டான சினிமாப் பாட்டு. கடைசியில் 'அட்மிஷன் ஓபன்', ஒரு போன் நம்பர். முப்பது நொடியில் முடிந்துவிடும். பாடம் நடக்கும் வகுப்பறை அதில் வராது. டீச்சர் வந்தால், ஆடிக்கொண்டுதான் வருவார்.

மென்பொருள் எழுதிப் பிழைப்பவன் என்பதால் இதன் பின்கட்டு எனக்குக் கொஞ்சம் தெரியும். மெட்டாவின் விளம்பரப் பக்கத்தில், வரைபடத்தில் ஒரு புள்ளி வைத்து, சுற்றி இத்தனை கிலோமீட்டர் என்று வட்டம் போடலாம். அதற்குக் காசு கட்ட வேண்டும். காசில்லாத வட்டம் இதைவிட வலுவானது. நாற்பது குழந்தைகளைப் பேச வைத்து நாற்பது வீடியோ எடுத்தால், நாற்பது அம்மாக்கள் ஸ்டேட்டஸ் வைப்பார்கள். சித்தி, மாமா, காலனிக்காரர்கள் எல்லோரும் பார்ப்பார்கள். 24 மணி நேரத்தில் ஸ்டேட்டஸ் மறைந்துவிடும் என்பதால், நாளைக்கு இன்னொன்று வேண்டும். பெற்றோரின் பெருமிதம்தான் இங்கே பள்ளியின் விநியோக வலை.

இதில் நல்லதே இல்லை என்று சொல்ல மாட்டேன். முன்பெல்லாம் பெற்றோரின் இடம் கேட்டுக்கு வெளியேதான். இன்று பிள்ளை சாப்பிட்டதா, வேன் கிளம்பியதா என்பது போனில் வருகிறது. எழுத்துக்கூட்டிப் படிக்கும் ஒரு பாட்டிக்கு, டீச்சர் தமிழில் அனுப்பும் குரல் பதிவு ஆங்கிலச் சர்க்குலரைவிட எவ்வளவோ மேல். உள்ளூர்க் குடும்பத்தோடு பேச இதைவிடச் சுலபமான கருவி பள்ளிகளுக்கு இதற்கு முன் கிடைத்ததில்லை. பேசுவதற்குப் பதிலாக விற்கத்தானே அதைப் பயன்படுத்துகிறார்கள் என்பதே என் புகார்.

2017இல் பிளஸ் டூ ரேங்க் பட்டியல் வெளியிடுவதைத் தமிழ்நாடு அரசு நிறுத்தியது. முதலிடம் பிடித்த பிள்ளைகளின் முகங்கள் பள்ளிகளின் விளம்பரமாகிக்கொண்டிருந்த காலம் அது. அந்த பேனர் முகத்துக்குப் பின்னால் குறைந்தபட்சம் ஒரு மதிப்பெண் இருந்தது, கொஞ்சம் பள்ளியின் உழைப்பும் இருந்தது. இன்றைய ரீலில் சிரிக்கும் நான்கு வயதுக் குழந்தையிடம் பள்ளி செய்த வேலை என்று காட்ட எதுவுமில்லை. அந்தச் சிரிப்பை அது வீட்டிலிருந்தே கொண்டுவந்தது.

அதைக் கடன் வாங்க யாரிடம் கேட்டார்கள்? 18 வயதுக்குட்பட்டவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்கிறது 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம். நடைமுறையில் அது அட்மிஷன் படிவத்தில் ரத்த வகைக்கும் வேன் ரூட்டுக்கும் நடுவே ஒரு வரியாகச் சுருங்கிவிட முடியும். சீட்டு கிடைக்கணுமே என்று நிற்கிற அப்பா கையெழுத்துப் போடாமல் என்ன செய்வார்? திக்கிப் பேசும் குழந்தை கேமரா முன் வருவதில்லை. 'நம்ம பாப்பா மட்டும் ஏன் வரல?' என்று வீட்டில் கேள்வி எழும்போது, அந்தக் குழந்தைக்குத் தான் எதில் தோற்றோம் என்றுகூடத் தெரியாது.

இனி, ரீலில் வராதவற்றைப் பார்ப்போம். தனியார் பள்ளிக் கட்டணத்தை நிர்ணயிக்க 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு குழு இருக்கிறது. அது நிர்ணயித்த தொகை வராது. கல்வி உரிமைச் சட்டப்படி, சிறுபான்மையினர் அல்லாத தனியார் பள்ளிகள் நுழைவு வகுப்பில் நலிந்த பிரிவினருக்கு ஒதுக்க வேண்டிய 25 சதவீத இடங்களைப் பற்றிப் பேச்சே வராது. 'சிபிஎஸ்இ பேட்டர்ன்' என்று வரும், இணைப்பு எண் வராது. பேட்டர்ன் என்றால் இணைப்பு என்று அர்த்தமில்லை. இணைப்பு பெற்ற பள்ளியா என்று சிபிஎஸ்இயின் சரஸ் தளத்தில் ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். புதுப் பள்ளியிடம் ஒரு குடும்பம் கேட்க வேண்டிய முதல் கேள்விகள் இவைதான்.

இவற்றைச் சொல்ல ட்ரோன் வேண்டாம். கட்டணப் பட்டியலின் படம் ஒன்று, இணைப்பு எண், டீச்சர் ஒருவர் கழித்தல் கணக்கை மூன்று நிமிடம் சொல்லித் தரும் வீடியோ. குழந்தையின் முகம் இல்லாமலே ஒரு பள்ளியை எடைபோட இது போதும். லைக் குறையும்தான். ஆனால் விசாரித்து வரும் பெற்றோர், எதற்காக வந்தோம் என்று தெரிந்து வருவார்கள்.

பழைய மாணவர்கள் உருவாகப் பத்து வருடம் ஆகும். அதற்குக் குறுக்குவழி இல்லை. அப்போதும் இந்த ஊரில் யாரோ ஒருவர் 'அங்க படிச்ச பசங்க யாராச்சும் தெரியுமா?' என்று கேட்பார். பதில் சொல்லப்போவது ரீலில் வந்த குழந்தையும் வராத குழந்தையும்தான்.