இலை சொல்வதும் நிலம் சொல்வதும்

காற்றில் கரியமில வாயு கூடினால், புல்லின் இரு வகைகளில் சி3 புற்கள் செழிக்கும், சி4 புற்களுக்குப் பெரிய லாபம் இல்லை. தாவரவியல் வகுப்புகளில் நெடுநாளாகச் சொல்லப்படும் முடிவு இது. மேய்ச்சல் நிலங்களின் எதிர்காலத்தைக் கணிப்பவர்களும் இதை நம்புகிறார்கள். நம்பலாமா?

இலையை மட்டும் பார்த்தால், நம்பலாம். வெயிலின் ஆற்றலைக் கொண்டு காற்றிலிருக்கும் கரியமில வாயுவைச் சர்க்கரையாக மாற்றித்தான் எல்லாப் புல்லும் வளர்கிறது. அந்த வாயுவைப் பிடிக்கும் நொதி ரூபிஸ்கோ. நெல், கோதுமை போன்ற சி3 புற்களில் அது அவ்வப்போது ஆக்சிஜனையும் பிடித்துவிடுகிறது. சேர்த்த கார்பனில் ஒரு பகுதி வீணாக வெளியேறுகிறது. வெப்பம் ஏற ஏற இந்த இழப்பும் கூடும். கரும்பு, சோளம், அறுகு போன்ற சி4 புற்கள் வாயுவை முதலில் நான்கு கார்பன் அமிலமாக்கி, இலை நரம்பைச் சூழ்ந்த கற்றை உறைச் செல்களுக்குள் அனுப்பி, அங்கே ரூபிஸ்கோவைச் சுற்றிச் செறிவாக்குகின்றன. கரும்பில் இந்த நான்கு கார்பன் வழியை ஹேட்ச், ஸ்லாக் என்ற இரு ஆய்வாளர்கள் 1966இல் விளக்கினார்கள். ஆகவே காற்றில் வாயு மிகுந்தால் சி3 புல்லின் இழப்பு குறையும். ஏற்கெனவே செறிவாக்கிக்கொண்ட சி4 புல்லுக்கு அது அவ்வளவாக உதவாது. இந்த வாதத்தில் எனக்குக் குறை தெரியவில்லை.

இலைக்குப் பொருந்துவதை அப்படியே புல்வெளிக்கும் ஏற்றிச் சொல்வதில்தான் பிழை. அமெரிக்காவின் மினசோட்டாவில், சீடர் கிரீக் என்ற இடத்தில், திறந்தவெளியில் சி3, சி4 புற்களைத் தனித்தனியே வளர்த்த 88 பாத்திகளை ஆய்வாளர் பீட்டர் ரைக்கும் அவருடைய குழுவினரும் 20 ஆண்டுகள் கவனித்து, 2018இல் முடிவை வெளியிட்டார்கள். பாத்திகளில் ஒரு பகுதிக்குச் செலுத்திய கூடுதல் கரியமில வாயுவால் முதல் 12 ஆண்டுகள் சி3 பாத்திகளே செழித்தன. அடுத்த 8 ஆண்டுகளில் நிலைமை தலைகீழானது: சி4 செழித்தது, சி3க்குப் பயனில்லை. மண்ணில் தழைச்சத்து கிடைக்கும் வேகமும் அதே போக்கில் மாறியிருந்தது. வழக்கம்போலச் சில ஆண்டுகளில் ஆய்வை முடித்திருந்தால் பழைய முடிவுக்கு இன்னொரு சான்று சேர்ந்திருக்கும். என்னை மிகவும் கலங்கவைப்பது அதுதான்.

எதிர்வாதமும் வலுவானதே. இது ஒரே இடம்; தழைச்சத்து குறைந்த மணற்பாங்கான நிலம். உரமிட்ட வயலுக்கோ வெப்பமண்டலப் புல்வெளிக்கோ இதை அப்படியே பொருத்த முடியாது. தழைச்சத்தும் வளர்ச்சியும் சேர்ந்து மாறின என்பதால், ஒன்றுதான் மற்றதற்குக் காரணம் என்றும் ஆகிவிடாது. எனவே ‘சி4 புற்களே வெல்லும்’ என்ற புதிய விதியை இந்த ஆய்விலிருந்து எடுக்க இடமில்லை.

ஆனால் பழைய விதியின் பொதுமையை உடைக்க இந்த ஓர் இடமே போதும். இலையின் உடலியலாக அது நிற்கும். மண்ணின் தழைச்சத்தைக் கணக்கில் எடுக்காமல், பத்திருபது ஆண்டுக்கான மேய்ச்சல் நிலக் கணிப்புக்கு அதை ஆதாரமாகக் காட்டினால் ஏற்கக் கூடாது.