சரோஜாவிடம் கேட்ட கேள்வி

பெருமாள்முருகனின் ‘பூக்குழி’ நாவலில் (2013) சரோஜா என்ன சாதி என்று கடைசிவரை சொல்லப்படுவதில்லை. குமரேசன் அவளைத் தோலூரிலிருந்து காட்டுப்பட்டிக்குக் கூட்டி வருகிறான். அம்மா, சொந்தக்காரர்கள், வேடிக்கை பார்க்க வந்தவர்கள் என்று எல்லாருக்கும் ஒரே கேள்விதான். ஊர் கேட்பது இருக்கட்டும். நாவலைப் படித்த நண்பர்களிடம் பேசிப் பாருங்கள். “அவ என்ன ஆளுங்கன்னு எங்கயாச்சும் வருதா?” என்று அவர்களும் கேட்பார்கள். சிலருக்கு இது நாவலின் குறை. எனக்கு இதுதான் அதன் பெரிய பலமாகத் தெரிகிறது. தன்னை வெறுக்கிற ஊருக்குத் தன்னைப் பற்றி விளக்கம் சொல்லும் வேலையைச் சரோஜாவின் தலையில் கட்ட நாவல் மறுக்கிறது.

அவள் பதில் சொல்லியிருந்தால் மட்டும் என்ன ஆகியிருக்கும்? தெரிந்துகொள்வதற்காக ஊர் அதைக் கேட்கவில்லை. எந்த இடத்தில் நிறுத்துவது என்று முடிவு பண்ணத்தான் கேட்கிறது. ஊரைத் தெரிந்தவன் குமரேசன். நாள் போகப் போக எல்லாம் சரியாகிவிடும் என்று அவன் நம்புகிறான். ஆனால் அந்த நாட்களைப் பாறைமேல் இருந்த குடிசையில் தனியாகக் கழித்தவள் சரோஜா. ஊர் மாறும்வரை காத்திருக்கும் வேலையும் அவளுக்குத்தான் வந்து சேர்கிறது.

தர்மபுரி இளவரசனுக்குச் சமர்ப்பிக்கப்பட்ட நாவல் இது. வெளிவந்த மூன்று வருடத்துக்குள் அதே கொங்கு மண்ணில் இன்னொரு கொலை. மடத்துக்குளம் வட்டத்தில் இருக்கும் குமரலிங்கத்தைச் சேர்ந்த சங்கர், 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டை பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார். பட்டியல் சாதிக் குடும்பத்துப் பொறியியல் மாணவர். பழனியைச் சேர்ந்த, முக்குலத்தோர் சமூகத்தில் பிறந்த கௌசல்யாவை மணந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. வெட்டுப்பட்ட கௌசல்யா பிழைத்தார். 2017 டிசம்பரில் திருப்பூர் நீதிமன்றம் அவருடைய அப்பா உட்பட ஆறு பேருக்குத் தூக்குத் தண்டனை கொடுத்தது. 2020 ஜூனில் உயர் நீதிமன்றம் அப்பாவை விடுதலை செய்து, மற்ற ஐந்து பேரின் தண்டனையை ஆயுளாகக் குறைத்தது.

இடைப்பட்ட வருடங்களில் கௌசல்யா மேடை மேடையாகப் பேசினார். ஆணவக்கொலைக்குத் தனிச்சட்டம் வேண்டும் என்றார். தான் பிறந்த வீட்டைப் பற்றி, அந்தச் சாதிக்குள் ஒரு பெண் எப்படி வளர்க்கப்படுகிறாள் என்பதைப் பற்றிப் பேசினார். கவனியுங்கள், அது அந்தப் பக்கத்திலிருந்து வந்த பேச்சு. நாமோ அதைப் பாதிக்கப்பட்ட ஒரு பெண்ணின் கண்ணீர்க் கதையாக மட்டுமே கேட்டோம். அந்த நாளைத் திரும்பத் திரும்பச் சொல்லவைத்தோம், கைதட்டினோம், கிளம்பினோம். கேமராக்கள் குமரலிங்கத்தில் சங்கர் வீட்டு வாசலுக்கும் போயின. “உங்களுக்கு எப்படிங்க இருந்துச்சு?” என்று கேட்க அங்கே ஆள் இருந்தார்கள். சாதியைக் காப்பாற்றுகிற தெருக்களுக்குப் போய், “உங்க பிள்ளைகளுக்கு இதை யாருங்க சொல்லிக் குடுத்தாங்க?” என்று கேட்டவர்கள் எத்தனை பேர்?

இலக்கியக் கூட்டங்களிலும் இதே கதைதான். மொழி, வடிவம் பற்றிய அமர்வுகள் ஒருபக்கம் நடக்கும். தலித் எழுத்தாளருக்கு ‘சாதியும் இலக்கியமும்’ என்று தனியாக ஓர் அமர்வு ஒதுக்குவார்கள். பாமாவின் ‘கருக்கு’ (1992) பேச்சுமொழியை அப்படியே உரைநடையாக்கிய புத்தகம். அதன் வாக்கியங்களைப் பற்றிப் பேசியதைவிட, “இதெல்லாம் உண்மையிலேயே நடந்துச்சா மேடம்?” என்று கேட்டதுதான் நமக்கு வசதியாக இருந்திருக்கிறது. இனவெறியின் முக்கியமான வேலையே கவனத்தைத் திருப்புவதுதான் என்று 1975இல் போர்ட்லாந்தில் பேசும்போது டோனி மாரிசன் சொன்னார். நீங்கள் ஏன் இருக்கிறீர்கள் என்று உங்களையே ஓயாமல் விளக்கவைத்து, உங்கள் வேலையை அது செய்யவிடாது என்பது அவர் வாதம்.

இதற்கு எப்போதும் ஒரு பதில் தயாராக இருக்கும்: “நீங்க சொன்னாத்தானே எங்களுக்குத் தெரியும்?” கேட்கப் பணிவாகத்தான் இருக்கிறது. ஆனால் சொன்னபோது என்ன நடந்தது? 1936இல் லாகூரின் ஜாத்-பாத்-தோடக் மண்டல், தன் மாநாட்டுக்குத் தலைமை தாங்க அம்பேத்கரை அழைத்தது. சாதி ஒழிய வேண்டும் என்று விரும்பிய சாதி இந்துக்களின் அமைப்பு அது. உரையின் அச்சுப்படியைப் பார்த்ததும் சில பகுதிகளை நீக்கச் சொன்னார்கள். காற்புள்ளியைக்கூட மாற்றமாட்டேன் என்று அவர் மறுத்ததும் மாநாடே நடக்காமல் போனது. கற்றுக்கொள்ளக் கூப்பிட்டவர்களே பாடத்திட்டத்தையும் தாங்களே எழுதப் பார்த்தார்கள். உரையை அம்பேத்கர் தன் செலவில் அச்சிட்டார். அதன் தமிழாக்கத்தைப் பெரியார் ‘குடி அரசு’ வழியாக வெளியிட்டார். நம் ஈரோட்டுக்காரர் தமிழில் கொண்டுவந்து எண்பது வருடத்துக்கும் மேலாகிறது. இன்னமும் “எங்களுக்குத் தெரியாதே” என்று சொன்னால் அதை அறியாமைக் கணக்கில் எழுத முடியாது.

அப்படியென்றால் பாதிக்கப்பட்டவர்கள் பேசவே கூடாதா? அப்படி இல்லை. பேச வேண்டும் என்று தோன்றும்போது, தோன்றியதைப் பற்றி, தோன்றுகிற மாதிரி பேசட்டும். சாதி பற்றித்தான் என்றில்லை, நிலா பற்றியும் பேசலாம். எதுவும் பேசாமலும் இருக்கலாம். நமக்குப் பாடம் எடுப்பதைக் கூட்டத்துக்குள் நுழைவதற்கான கட்டணமாக வைக்கக் கூடாது, அவ்வளவுதான்.

மாற்று வழிக்கும் ஓர் உதாரணம் இருக்கிறது. பூக்குழி வந்த அதே 2013இல் ‘சாதியும் நானும்’ என்ற கட்டுரைத் தொகுப்பும் பெருமாள்முருகனைப் பதிப்பாசிரியராகக் கொண்டு வெளிவந்தது. நாமக்கல்லில் கூடும் ‘கூடு’ ஆய்வுச் சந்திப்பைச் சுற்றி இருந்தவர்கள் எழுதியது. பட்டியல் சாதியினரோடு மற்ற சாதிகளைச் சேர்ந்தவர்களும் தங்கள் வாழ்க்கையில் சாதியை எப்படி எதிர்கொண்டார்கள் என்று அதில் எழுதினார்கள். இங்கே கேள்வியே இடம் மாறிவிடுகிறது. “உனக்கு என்ன நடந்தது?” என்பதோடு நிற்காமல், “உன் வீட்டில் என்ன நடக்கிறது?” என்றும் அது கேட்கிறது. யாருக்குத் தனி டம்ளர் வைத்தார்கள், யார் வந்தால் திண்ணையோடு நிறுத்தினார்கள் என்பதை அந்த வீட்டுப் பிள்ளையைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர் யார்?

கொங்குப் பகுதியில் புதிதாக ஒருவரைப் பார்த்தால் ஊரைக் கேட்போம், பிறகு எந்தத் தெரு என்று கேட்போம். பதில் தோதாக இருந்தால் “நீங்க என்ன கூட்டமுங்க?” என்பதுவரை போகும். பனியன் கம்பெனியிலும் அப்படித்தான், புத்தக வெளியீட்டு விழாவுக்குப் பிறகு டீக்கடையில் நிற்கும்போதும் அப்படித்தான். நாவலைப் படிக்கிற நமக்கும் அந்த வாய் இருக்கிறது. சரோஜா என்ன ஆளுங்க என்று மனசு கேட்டால், பதிலுக்காகப் பக்கங்களைப் புரட்ட வேண்டாம். அதைத் தெரிந்துகொண்டு என்ன செய்யப் போகிறோம் என்று, அப்படிக் கேட்கப் பழக்கிய நம் வீட்டுக்காரர்களிடம் முதலில் பேசிப் பார்க்கலாம்.