'நல்லா இருக்கு' என்றால் போதுமா? ஜாஸ் விமர்சனம் தரும் ஒரு பாடம்



வகுப்பில் ஒரு பாட்டைப் போட்டுவிட்டு "எப்படி இருக்கு?" என்று கேட்டுப் பாருங்கள். "நல்லா இருக்கு சார்" என்று பதில் வரும். "ஏன்?" என்றால் வகுப்பே அமைதியாகிவிடும். இன்றைய ஜாஸ் இசைத்தட்டுகளுக்கு வரும் வெகுஜன விமர்சனங்களில் பலவும் இதே இடத்தில்தான் நிற்கின்றன. சொற்கள் மட்டும் கொஞ்சம் பெரியவை.

2008இல் வெளிவந்த 'கின்ஸ்மென்' இசைத்தட்டை எடுத்துக்கொள்வோம். அமெரிக்க ஜாஸ் கலைஞர் ருத்ரேஷ் மகந்தப்பாவும், கர்நாடக இசையில் சாக்ஸபோனுக்கு இடம் பிடித்துத் தந்த கத்ரி கோபால்நாத்தும் சேர்ந்து வாசித்தது. ஏ. கன்யாகுமாரியின் வயலினும் பூவலூர் ஸ்ரீஜியின் மிருதங்கமும் உடன் உண்டு. கோபால்நாத்தின் வாசிப்பை 1994இல் வந்த 'டூயட்' படத்தில் உங்கள் வீட்டுப் பெரியவர்கள் கேட்டிருப்பார்கள்.

இப்படி ஓர் இசைத்தட்டு வந்தாலே "கிழக்கும் மேற்கும் கைகோத்தன" என்று எழுதிவிடுவது வழக்கம். படிக்க இனிமைதான். ஆனால், இசையைக் கேட்காமலேயே இதை எழுதிவிடலாமே! அதுதான் குறை.

காது கொடுத்துக் கேளுங்கள். இருவர் கையிலும் ஆல்டோ சாக்ஸபோன்தான். கோபால்நாத் ஒரு ஸ்வரத்தை அசைத்து, வளைத்து, கமகத்தோடு அடுத்ததற்குப் போகிறார். மகந்தப்பாவோ ஸ்வரங்களை வெட்டி வெட்டி வேகமாக அடுக்குகிறார். இருவருமே வாசிக்கும் கணத்தில் கற்பனை செய்கிறவர்கள். நாம் அதை மனோதர்மம் என்கிறோம். ஜாஸில் இம்ப்ரொவைசேஷன் என்கிறார்கள். கருவி ஒன்று, பேச்சு இரண்டு. விமர்சனம் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

இன்னொன்று. கோபால்நாத்தின் தந்தை நாதஸ்வரக் கலைஞர். ஹுத்தான் மெலிந்தாங் பக்கத்துத் தோட்டக் கோயில் திருவிழாவில் நாதஸ்வரம் ஒலிக்கும்போது நாம் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறோம். அதே வளைவு சாக்ஸபோனில் வந்தால் "உலகத் தரம்" என்கிறோம். கருவியைப் பார்த்து மார்க் போடுவது திறனாய்வு ஆகாது.

மாணவர்களே, கவிதையோ நாவலோ நாடகமோ, திறனாய்வு எழுதும்போது இந்த மூன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள்:

1. படைப்பில் நான் கண்டது என்ன?
2. அது எப்படி அமைந்திருக்கிறது?
3. அதனால் என்ன பயன் விளைகிறது?

மூன்றுக்கும் படைப்பிலிருந்தே சான்று காட்டுங்கள். அதன்பிறகு "நல்லா இருக்கு" என்று தாராளமாகச் சொல்லலாம். அப்போது அந்தச் சொல்லுக்கு எடை இருக்கும்.