மாஸ்டடோனைக் காதால் படித்தால்

2016இல் வந்த மாஸ்டடோன் ஒரே நிறுவனத்தின் கையில் இல்லை. பல வழங்கிகள் இணைந்து இயங்கும் சமூக வலையமைப்பு. படத்துக்கு விளக்கம் எழுத இடம் தந்திருப்பது பார்வையற்றோருக்குப் பெரிய நன்மை.

குறை, விசைப்பலகையில். 'கே' விசை மாஸ்டடோனில் முந்தைய பதிவுக்குப் போகும். என்விடிஏ திரைவாசிப்பானிலோ அடுத்த இணைப்புக்குத் தாவும். புதிதாகக் கற்பவர் இங்கேதான் தடுமாறுவார். என்விடிஏ விசையோடு இடைவெளி விசையை அழுத்தி முறையை மாத்திக்கணும்.

மிச்சக் குறை நம்மிடம்தான். ஆங்கில ஹேஷ்டேக்கில் பெரிய எழுத்து சொற்களைப் பிரித்துக் காட்டும். தமிழில் அது ஏது? #தமிழ்_இலக்கணம் என அடிக்கோடு போட்டு எழுதுங்க. பதிவின் மொழியையும் தமிழ் என்று குறியுங்க. இல்லாட்டி ஆங்கிலக் குரலே வாசிக்கப் பார்க்கும், ஒண்ணும் புரியாது. இந்த இரண்டையும் கவனித்தால், கேட்டுப் படிக்கும் மாணவருக்கும் நம் பதிவு போய்ச் சேரும்.