நாலு ஸ்க்ரூவை நம்பி
ரேஸ் விமானக் கிட்டோட வர்ற கையேடுகளில் இறக்கைக்குப் பக்கம் பக்கமா விளக்கம் இருக்கும். மோட்டாருக்கு ஒரே வரி, ஃபயர்வாலில் பொருத்தச் சொல்லி. எனக்கு இது சரியாப் படலை.

எஃப்5டி போட்டியில் மூன்று கம்பங்களைச் சுற்றி 10 சுற்று. ஒவ்வொரு திருப்பத்திலும் மூக்கை இழுக்கும்போது, பம்பரம் போலச் சுழலும் ப்ரொப்பெல்லர் மோட்டாரைப் பக்கவாட்டில் நெம்பும். அதைவிட மோசம் சமநிலைக் குறை. மையத்திலிருந்து 5 செ.மீ. தள்ளி ஒரு பக்கம் 0.1 கிராம் கூடுதல்னு வைங்க. நிமிடத்துக்கு 20,000 சுற்றில் அது சுமார் 2.2 கிலோ எடைக்குச் சமமான இழுப்பு. நொடிக்கு 333 தடவை சுற்றிச் சுற்றி இழுக்கும். வேகம் பாதியானா இழுப்பு கால்வாசிதான். அதனாலதான் மெதுவாப் பறக்கிற விமானத்தில் எதுவும் தப்பாத் தெரியறதில்லை.

அவுட்ரன்னர் பெட்டியில் வர்ற மெல்லிய அலுமினிய சிலுவை மவுண்ட் அந்த விமானத்துக்குப் போதும். ரேஸில் அதையே ப்ளைவுட்டில் மர ஸ்க்ரூவால் இறுக்கினா, அதிர்வில் மரம் நசுங்கி ஸ்க்ரூ தளரும். கழன்ற மோட்டார் எங்கே விழும்னு யார் சொல்றது? மைதானத்தில் ஆட்கள் நிக்கறாங்க. பின்னால் டி-நட், மரைக்குக் கொஞ்சம் லாக்டைட், பெரிய செலவில்லை. ஸ்க்ரூ நீளத்தையும் எழுதணும். முன்முகத்தில் பொருத்தும் இன்ரன்னரில் ஓரிரு மில்லிமீட்டர் கூடினாலே உள்ளே சுருளில் போய்க் குத்தலாம்.