பேசாதிருந்த கதாநாயகன்

புதுச்சேரியிலிருந்து காலாப்பட்டுக்கு வரும் பஸ்ஸில், கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு வந்ததும் கண்டக்டர் 'சிவாஜி சிலை' என்று கூவுகிற நிறுத்தம் ஒன்று உண்டு. அங்கிருந்து அதிக தூரமில்லை கருவடிக்குப்பம். 1922இல் புதுச்சேரியில் காலமான சங்கரதாஸ் சுவாமிகளின் சமாதி அங்கே இருக்கிறது. பாலர் நாடக சபைகளை உண்டாக்கிய மனிதரும், அந்தச் சபைகளின் மரபில் வந்து அதன் உச்சத்தைத் தொட்ட நடிகரும் இப்படி அருகருகே அமைந்துவிட்டது தற்செயல்தான். ஆனால் வங்கிக்குப் போகும் வழியில் தினமும் இதைக் கடக்கிறவனுக்கு அது ஒரு வாதம்போலத் தோன்ற ஆரம்பித்துவிடுகிறது. தமிழில் நடிப்பு என்றால் குரல். குரல் என்றால் கடைசி வரிசை வரைக்கும் போய்ச் சேருகிற குரல். விளக்கும் ஒலிபெருக்கியும் போதாத கொட்டகையில் அது தேவையாக இருந்தது. மைக் வந்த பிறகும், காமிரா முகத்துக்கு ஒரு முழம் பக்கத்தில் வந்து நின்ற பிறகும், நம்மவர்கள் கடைசி வரிசைக்கே பேசிக்கொண்டிருந்தார்கள்.

இதைத்தான் மூன்று வருஷங்களுக்கு முன் இந்தப் பக்கங்களில் எழுதினேன். தமிழ் சினிமாவில் காமிராவுக்காக நடித்த கதாநாயகன் ஒருவனும் இல்லை என்று கொஞ்சம் திமிராகவே முடித்திருந்தேன். கட்டுரை வந்த மாதம் காலாப்பட்டுக் கடற்கரையில் நண்பர்கள் கூடியபோது, எங்களில் மூத்தவர் ஒருவர், "ஜெமினி கணேசனை எங்கே வைத்தீர்?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தோம். நான்தான் அதிகம் சிரித்தேன். 'சாம்பார்' என்று ரசிகர்கள் அவருக்கு வைத்த பெயரை நானும் சொன்னேன். இப்போது அந்த வாக்கியத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். திரும்பப் பெறும்போது வேறொரு சிக்கலில் மாட்டிக்கொண்டேன். இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

கணேசன் நாடக சபையிலிருந்து வந்தவர் அல்ல. 1920இல் புதுக்கோட்டையில் பிறந்து, சென்னை கிறித்துவக் கல்லூரியில் வேதியியல் படித்து, அங்கேயே கற்பித்துவிட்டு, 1947 வாக்கில் ஜெமினி ஸ்டூடியோவில் உத்தியோகத்துக்குச் சேர்ந்தவர். நடிக்க வாய்ப்புக் கேட்டு வருகிறவர்களைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் பிரிவில் வேலை. அதாவது, மேஜைக்கு அந்தப்புறம் உட்கார்ந்து மற்றவர்கள் நடித்துக் காட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தவர். நடிப்பைப் பார்ப்பதிலிருந்து கற்றவருக்கும் ஒப்பித்துக் கற்றவருக்கும் வித்தியாசம் இருக்கும் அல்லவா? 'தாய் உள்ளம்' (1952) படத்தில் ஆர்.எஸ். மனோகர் நாயகன், இவர் வில்லன். பிற்பாடு இருவரும் இடம் மாறிக்கொண்டது சினிமாவின் வேடிக்கைகளில் ஒன்று. அடுத்த வருஷம் 'மனம்போல மாங்கல்யம்'. அதன் பிறகு இருநூறுக்கும் மேல் படங்கள். அவற்றில் பெரும்பாலானவை பார்க்கத் தகுதியற்றவை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புராணப் படங்களில் கிரீடத்தோடு அவர் நிற்பது வேஷம் கட்டிவிட்ட பேராசிரியர்போல இருக்கும். கத்தியை எடுத்தால் அந்தக் கத்திக்கே கூச்சமாக இருக்கும்.

நல்ல படங்களுக்கு வருகிறேன். 'மிஸ்ஸியம்மா' (1955). எல்.வி. பிரசாத் இயக்கியது. வேலையில்லாத இரண்டு பேர், தம்பதியாக இருந்தால்தான் பள்ளிக்கூடத்தில் வேலை கிடைக்கும் என்பதற்காகக் கணவன் மனைவி என்று பொய் சொல்லிக்கொண்டு போகிறார்கள். அந்தப் படம் சாவித்திரியின் படம். அந்தப் பெண்ணின் எரிச்சலும் சிடுசிடுப்பும் பொறாமையும்தான் கதையை நகர்த்துகின்றன. ஆனால் எரிச்சலை வாங்கிக்கொள்ள ஒரு முகம் வேண்டும். அடுத்த வசனத்தைச் சொல்ல முறை வரட்டும் என்று காத்துக்கொண்டு நிற்கிற நடிகனின் முகம் எப்படியிருக்கும் என்று நமக்குத் தெரியும். நூறு படங்களில் பார்த்திருக்கிறோம். கணேசன் இந்தப் படத்தில் அப்படிக் காத்திருக்கவில்லை. கேட்கிறார். கேட்டது முகத்தில் இறங்குகிறது. அதற்குப் பிறகு பதில் வருகிறது, அல்லது வராமலே போகிறது. இவர் நடித்த நல்ல படங்கள் எல்லாமே பெண் நடிகைகளின் நல்ல படங்களாகவும் இருப்பது ஏன் என்பதற்கு விடை இதுதான் என்று எனக்குப் படுகிறது. சாவித்திரி, சரோஜாதேவி, சௌகார் ஜானகி மூவருக்கும் பேச இடம் கிடைத்தது, எதிரில் ஒருவர் கேட்டுக்கொண்டிருந்ததால்.

'பாசமலர்' (1961) படத்தைக்கூட இப்படித் திருப்பிப் பார்க்கலாம். அண்ணன் தங்கைப் பாசத்தின் பிரளயத்துக்கு நடுவே, அந்தப் பிரளயத்தில் கலந்துகொள்ளாமல், தொழிலாளர் பக்கம் நிற்கிற ஒருவராக அவர் இருக்கிறார். சிவாஜியின் எதிரில் நின்று, போட்டிக்குக் குரலை உயர்த்தாமல் இருக்க எத்தனை தன்னம்பிக்கை வேண்டும் என்பதை நடிகர்களைத்தான் கேட்க வேண்டும். எம்.ஜி.ஆரோடு சேர்ந்து நடித்தது 'முகராசி' (1966) ஒன்றுதான். அதில் சொல்ல ஒன்றுமில்லை.

இதுவரை சொன்னது சுலபமான பகுதி. அடக்கம் நல்லது, மிகை கெட்டது என்று நம் வட்டத்தில் யாரும் ஒப்புக்கொள்வார்கள். பிரெஸ்ஸோன் தன் நடிகர்களை நடிக்கவே விடாமல், 'மாடல்கள்' என்று அழைத்தார் என்பதையெல்லாம் இங்கே இழுத்து வந்து ஜெமினி கணேசனைக் காப்பாற்றலாம். அப்படி ஒரு கட்டுரை எழுதத்தான் உட்கார்ந்தேன். பாட்டியின் அறையில் டி.வி.யில் சிறுவயதில் பார்த்த 'கல்யாணப் பரிசு' (1959) படத்தைத் திரும்பவும் பார்த்தபோது அந்தக் கட்டுரை கெட்டுப்போயிற்று.

ஸ்ரீதரின் முதல் படம். வின்சென்ட்டின் ஒளிப்பதிவு, ஏ.எம். ராஜாவின் இசை. பாஸ்கரும் வசந்தியும் காதலிக்கிறார்கள். வசந்தியின் அக்கா கீதாவுக்கும் பாஸ்கர் மேல் ஆசை. தங்கை விட்டுக்கொடுக்கிறாள். பாஸ்கர் அக்காவைக் கட்டிக்கொள்கிறான். கடைசியில் அக்கா இறந்து, வசந்தி வேறொருவனை மணக்கும் இடத்துக்கு வந்து, தன் குழந்தையைக் கல்யாணப் பரிசாகக் கொடுத்துவிட்டுப் போகிறான். அறுபது வருஷங்களாக இதைத் தியாகத்தின் கதை என்கிறார்கள். யாருடைய தியாகம்? விட்டுக்கொடுத்தவள் வசந்தி. செத்தவள் கீதா. பாஸ்கர் செய்தது என்ன? ஒப்புக்கொண்டான், அவ்வளவுதான். முடியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மூன்று பேருடைய வாழ்க்கை வேறாகியிருக்கும். குழந்தையைக் கொடுப்பதுகூட, தன்னால் சுமக்க முடியாததை மறுபடியும் ஒரு பெண்ணின் கையில் கொடுத்துவிட்டுப் போவதுதான்.

இதே பாத்திரத்தை இந்தியில் ('நஜ்ரானா', 1961) ராஜ் கபூர் செய்தார். அவர் முகத்தில் எப்போதும் ஒரு விண்ணப்பம் இருக்கும், எனக்காக இரங்குங்கள் என்று. கணேசனிடம் அந்த விண்ணப்பம் இல்லை. ஆகவே, இரக்கத்துக்கு அப்பால், அந்த மனிதனை எடைபோட நமக்கு இடம் கிடைத்துவிடுகிறது. ஸ்ரீதர் இதை உத்தேசித்தாரா என்பது எனக்கு முக்கியமில்லை. நடிகரின் தணிந்த குரல், படம் சொல்ல நினைத்ததற்கு எதிராக ஒன்றைச் சொல்லிவிட்டது. நல்லவன், மென்மையானவன், யாரையும் அடிக்காதவன், உரக்கப் பேசாதவன். பேச வேண்டிய இடத்திலும் பேசாமல் இருந்தே எல்லோரையும் கெடுப்பவன். ஜெமினி கணேசனின் நல்ல படங்கள் எல்லாம் இந்த மனிதனைப் பற்றியவை என்பேன். எதிரியை அடித்து வீழ்த்துகிற நாயகனும் அழுது வீழ்த்துகிற நாயகனும் இருந்த காலத்தில், நடுத்தரவர்க்கத்து ஆணின் உண்மையான முகம் இந்த மூன்றாவது ஆளிடம்தான் ஒளிந்திருந்தது. 'சுமைதாங்கி' (1962) போன்ற படம் எனக்குப் பிடிபடாததற்கும் இதுவே காரணம். எல்லாருடைய பாரத்தையும் சுமக்கிறவனை அது கேள்வியே கேட்காமல் துறவுக்கு அனுப்பிவிடுகிறது. கும்பிட்டுவிட்டு வெளியே வந்துவிடலாம்.

கே. பாலசந்தர் கேள்வி கேட்டார். 'இரு கோடுகள்' (1969) படத்தில் தாயின் சொல்லுக்கு அடங்கி முதல் மனைவியைப் பிரிந்த ஒருவன், அதை மறைத்து இரண்டாவது கல்யாணம் செய்துகொண்டு, குமாஸ்தாவாகக் காலம் தள்ளுகிறான். அந்த ஆபீஸுக்கே கலெக்டராக வந்து உட்காருகிறாள் முதல் மனைவி. ஒரு கோட்டைத் தொடாமல் சின்னதாக்க வேண்டும் என்றால் பக்கத்தில் பெரிய கோடு போடு என்பது படத்தின் விடுகதை. (சிவாஜிக்கும் எம்.ஜி.ஆருக்கும் பக்கத்தில் கணேசனுக்கு நேர்ந்ததும் அதுதான் என்று சிரிக்கலாம்.) பாலசந்தர் சினிமாவுக்கு வருமுன் சென்னை அக்கவுண்டண்ட் ஜெனரல் அலுவலகத்தில் வேலை பார்த்தவர். குமாஸ்தாவின் முதுகெலும்பு எந்த மேஜைக்கு முன்னால் எத்தனை அங்குலம் வளையும் என்பது அவருக்குத் தெரியும். கோப்போடு போய் நிற்கிற கணேசனைப் பாருங்கள். எதிரில் உட்கார்ந்திருப்பவள் அதிகாரி, தன் பழைய மனைவி, தன் குற்றத்தின் சாட்சி, மூன்றும் ஒருத்தியே. இப்படி நிற்கும்போது ஒருவன் என்ன செய்வான்? நாடக மரபு ஒரு பக்க வசனம் எழுதிக் கொடுத்திருக்கும். கணேசன் 'மேடம்' என்று சொல்லுகிற தோரணையிலேயே நிற்கிறார். உத்தியோக மரியாதை அவருக்கு ஒளிந்துகொள்ள ஓர் இடமாகிவிடுகிறது.

இங்கே ஒன்று சொல்லவேண்டும். நான் குமாஸ்தா. முன்பு நான் இருந்த ஒரு கிளையில் சக ஊழியர் ஒருவர் மேல் செய்யாத தவறு சுமத்தப்பட்டது. கணக்கில் என்ன நடந்தது என்பது எனக்குத் தெரியும். கேட்டால் சொல்லலாம் என்று இருந்தேன். யாரும் கேட்கவில்லை. அவர் தூரத்து ஊருக்கு மாற்றப்பட்டார். வழியனுப்பு டீயில் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க நல்ல மனுஷர், யார் வம்புக்கும் போகமாட்டீங்க" என்றார். குத்தலாகச் சொல்லவில்லை. இத்தனை காலம் உரத்த நடிப்பை நான் வெறுத்ததில் ரசனை எவ்வளவு, என் சுபாவத்துக்கு நானே சொல்லிக்கொண்ட சமாதானம் எவ்வளவு என்று 'இரு கோடுகள்' பார்த்த இரவில் யோசித்தேன். பிரித்துச் சொல்ல முடியவில்லை. நம் வட்டத்தில் அடக்கம், மௌனம், குறைவாகச் சொல்லுதல் என்பதெல்லாம் கிட்டத்தட்ட ஒழுக்க விதிகளாகவே இருந்துவருகின்றன. அவற்றுக்கு இன்னொரு பக்கமும் உண்டு என்பதை ஒரு ஜனரஞ்சக சினிமா நடிகரிடம் கற்க வேண்டியிருந்தது.

'நான் அவனில்லை' (1974) இந்த வழக்கை நிஜமாகவே நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகிறது. ஆத்ரேயின் மராத்தி நாடகம் 'தோ மீ நவ்ஹேச்' மூலம். மேடையில் பிரபாகர் பண்ஷீகர் செய்து பேர்பெற்ற வேஷம். வெவ்வேறு பெயர்களில் பெண்களை ஏமாற்றி மணந்த ஒருவன் கூண்டில் நின்று, ஒவ்வொரு சாட்சியிடமும் அது நானில்லை என்கிறான். படத்தைத் தயாரித்ததும் கணேசன்தான் என்பது கவனிக்கத்தக்கது. 'காதல் மன்னன்' என்ற பட்டத்தின் மேல் இருபது வருஷம் சம்பாதித்தவர், அந்தப் பட்டத்தையே மோசடி வழக்கில் நிறுத்தத் தன் பணத்தைப் போடுகிறார். ஹிட்ச்காக் 'சஸ்பிஷன்' (1941) படத்தில் கேரி கிராண்ட்டின் வசீகரத்துக்குள் ஒரு கொலைகாரன் இருக்கலாம் என்று சந்தேகப்பட வைத்துவிட்டுக் கடைசியில் பின்வாங்க வேண்டியிருந்தது. நட்சத்திரம் கொலைகாரனாக இருக்க ஹாலிவுட் சம்மதிக்காது. இங்கே பின்வாங்கல் இல்லை. கணேசனின் சொந்த வாழ்க்கை ஊரறிந்தது. அதைப் படத்தோடு ஒட்டிப் பார்ப்பது விமர்சகனுக்கு அழகல்ல. ஆனால் 1974இல் கொட்டகையில் உட்கார்ந்திருந்தவன் ஒட்டாமல் பார்த்திருக்க வழியில்லை. அவருக்கும் அது தெரிந்தேயிருக்கும். பல வேஷங்கள், பல பாஷை வாடைகள் எல்லாம் எனக்கு அலுப்பூட்டின. அது வித்தைதான். கூண்டில் நிற்கும் அந்த அமைதியான, கண்ணியமான, துளியும் பதறாத முகம்தான் படம். பாஸ்கர் சொல்லாமல் விட்டதை இவன் வாய்விட்டு மறுக்கிறான். இரண்டுக்கும் தூரம் அதிகமில்லை.

1988இல் 'உன்னால் முடியும் தம்பி'. பிலஹரி மார்த்தாண்டம் பிள்ளை என்ற சங்கீத வித்வான், ஆசாரம் உடைய அப்பா. மகன் கமல்ஹாசன். 'களத்தூர் கண்ணம்மா' (1960) படத்தில் இவர் மகனாகத்தான் அந்தக் குழந்தை சினிமாவுக்கு வந்தது. இருபத்தெட்டு வருஷம் கழித்து அதே இருவர். முந்திய படத்தில் குழந்தை நிர்க்கதியாவதற்கு அப்பனின் அவசர நம்பிக்கை காரணம். இதில் மகன் வீட்டைவிட்டுப் போவதற்கு அப்பாவின் பெருமிதம் காரணம். அறுபது வயதைத் தாண்டியபின் கணேசனின் மௌனம் கெட்டியாகி, அதிகாரமாக மாறியிருப்பதை இங்கே பார்க்கலாம். வீட்டில் யாரையும் அதட்ட வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. தம்பூரின் சுருதிபோல அந்த வீடு முழுக்க அவர் சம்மதமின்மை கேட்டுக்கொண்டே இருக்கிறது. படத்தின் சமூகச் சீர்திருத்தப் பகுதிகளைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. அப்பா இருக்கும் காட்சிகள் போதும்.

ஆக, என் கணக்கில் நான்கு படங்கள்: 'கல்யாணப் பரிசு', 'இரு கோடுகள்', 'நான் அவனில்லை', 'உன்னால் முடியும் தம்பி'. 'மிஸ்ஸியம்மா'வைச் சாவித்திரியின் கணக்கில் வரவு வைத்துவிடலாம். கடற்கரையில் அன்று கேள்வி கேட்ட நண்பரிடம் இந்தப் பட்டியலைச் சொன்னேன். 'புன்னகை' (1971) விட்டுப்போயிற்று என்றார். சத்தியவானாக ஒருவன் பேசிக்கொண்டே இருக்கிற படம் அது, நம் வாதத்துக்கு ஆகாது என்றேன். வாதத்துக்கு ஆகாததைத்தான் முதலில் பார்க்கவேண்டும் என்றார். வருகிற ஞாயிறு என் அறையில் போடுவதாக ஏற்பாடு. பார்த்துவிட்டு அவரே எழுதுவதாகச் சொல்லியிருக்கிறார்.